உயிலில் டிரஸ்டியாகப் பெயர் வந்துவிட்டது: சட்டம் உங்களிடம் என்ன கேட்கிறது?

கேள்வி இதுதான். மறைந்த மாமா தன் உயிலில் ஒரு டிரஸ்ட் ஏற்படுத்தியிருக்கிறார். வாடகைக்கு விட்ட ஒரு வீடு, வங்கியில் கொஞ்சம் பணம், தெரிந்தவர் ஒருவருக்குப் புரோ நோட்டின் பேரில் கொடுத்த கடன் ஆகியவை அதில் அடக்கம். அத்தை உயிரோடு இருக்கும்வரை வருமானம் அவருக்கு. அவருக்குப் பிறகு சொத்து இரண்டு பிள்ளைகளுக்கும் சமமாக. மூத்தவனுக்கு 24 வயது, இளையவனுக்கு 15. டிரஸ்டிகள் இருவர்: கேள்வி கேட்டவர் ஒருவர், மாமாவின் நண்பர் இன்னொருவர். "நண்பர் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். கேட்கும்போது நான் கையெழுத்துப் போட்டால் போதுமா? சட்டப்படி என் கடமைகள் என்ன? வீட்டை விற்க வேண்டி வந்தால் நானே வாங்கிக்கொள்ளலாமா?"

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: கையெழுத்து மட்டும் போட்டால் போதாது. டிரஸ்ட் வழக்குகளில் எதிர்வாதியாக வந்து நிற்பவர்களில் திருடர்கள் குறைவு. பெரும்பாலானோர் நல்லவர்கள். "அவர் பார்த்துக்கொள்கிறார், நாம் ஏன் குறுக்கே போக வேண்டும்" என்று மரியாதைக்காக ஒதுங்கி நின்றவர்கள். சட்டத்தின் கண்ணில் அப்படி ஒதுங்கி நிற்பதே ஒரு தவறு. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் விஷயத்துக்குப் பொருந்துவது 1882ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டம். அந்த ஆண்டு மார்ச் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. இன்றும் தனியார் டிரஸ்டுகளுக்கு அதுதான் அடிப்படை. அறங்காவலர் என்று எழுதினால் கோயில் ஞாபகம் வந்துவிடும் என்பதால் நான் டிரஸ்டி என்றே எழுதுகிறேன். கோயில், தர்ம ஸ்தாபனம் போன்ற பொது அறக்கட்டளைகளுக்கு இந்தச் சட்டம் நேரடியாகப் பொருந்தாது, அவற்றுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு. ஆனால் நான் கீழே சொல்லப்போகும் அடிப்படைகளில் பெரும்பாலானவை அங்கேயும் செல்லும்.

இந்தச் சட்டத்தின் 3ஆம் பிரிவு டிரஸ்டை விளக்கும் விதம் கவனிக்க வேண்டியது. டிரஸ்ட் என்பது ஒரு சொத்தோ ஓர் அமைப்போ அல்ல. சொத்தின் உரிமையோடு ஒட்டிக்கொண்டு வரும் ஒரு கடமை. மாமா உங்கள் மேல் நம்பிக்கை வைத்தார், நீங்கள் அதை ஏற்றுக்கொண்டீர்கள், அந்த நம்பிக்கையிலிருந்து கடமை பிறக்கிறது. பத்திரத்தில் வீடு உங்கள் இருவர் பெயரில் இருக்கும். பட்டாவும் மாறும், வரி ரசீதும் உங்கள் பெயரில் வரும். ஆனால் அந்த வீட்டால் வரும் நன்மையில் ஒரு ரூபாய்கூட உங்களுடையதல்ல. மற்ற எல்லா விதிகளும் இதிலிருந்து கிளைப்பவைதான்.

சரி, முதல் விஷயம்: நீங்கள் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை என்றால் மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. யாரும் டிரஸ்டியாகியே தீர வேண்டும் என்று 10ஆம் பிரிவு சொல்லவில்லை. நியாயமான காலத்துக்குள் மறுத்துவிட்டால் சொத்து மற்ற டிரஸ்டியிடம் போய்ச் சேரும், உங்களுக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. ஆனால் ஏற்றுக்கொள்வதற்கு எழுத்து தேவையில்லை, நடத்தையே போதும். டிரஸ்டி என்ற முறையில் வாடகையை வாங்கி வரவு வைத்தால் ஏற்றுக்கொண்டதாகிவிடும். உயிலை நிறைவேற்றும் பொறுப்பும் உங்களிடமே இருந்து, நீங்கள் நீதிமன்றத்தில் உயிலை மெய்ப்பித்திருந்தால் அதுவும் ஏற்றுக்கொண்டதுதான். ஏற்ற பிறகு நினைத்தபோது விலக முடியாது. 46ஆம் பிரிவின்படி நீதிமன்ற அனுமதி வேண்டும், அல்லது பயனாளிகள் (டிரஸ்டின் பலன் யாருக்கோ அவர்கள், இங்கே அத்தையும் பிள்ளைகளும்) எல்லோரும் மேஜராக இருந்து சம்மதிக்க வேண்டும், அல்லது உயிலிலேயே அதற்கு வழி இருக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் இளையவனுக்கு 15 வயது என்பதால் உயிலில் வழி இல்லையென்றால் நீதிமன்றம்தான். ஆகவே முடியாது என்று தோன்றினால் இப்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். அதில் அத்தைக்கு மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. மூன்று வருடம் கழித்து விட்டுவிட்டுப் போவதுதான் அவருக்குக் கஷ்டம்.

ஏற்றுக்கொள்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் கடமை உயிலை வரி வரியாகப் படிப்பது. 11ஆம் பிரிவின்படி மாமா சொன்ன நோக்கத்தையும் அறிவுறுத்தல்களையும் நீங்கள் அப்படியே நிறைவேற்ற வேண்டும். நிறைவேற்றவே முடியாதது, சட்டவிரோதமானது, பயனாளிக்கு வெளிப்படையாகக் கேடு செய்வது, இந்த மூன்றையும் செய்யச் சொல்லிச் சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தாது. மற்றபடி "மாமா இருந்திருந்தால் இப்படித்தான் செய்திருப்பார்" என்று நீங்களாக முடிவெடுக்க இடமில்லை.

இங்கே குடும்பங்கள் அடிக்கடி வழுக்கும் ஓர் இடம் இருக்கிறது. நாளைக்கு மூத்தவன் தொழில் தொடங்கப் பணம் கேட்பான். அத்தையும் "கொடுங்கப்பா, அவன் நன்றாக வந்தால் தம்பியையும் பார்த்துக்கொள்வான்" என்பார். வீட்டில் எல்லோருக்கும் சம்மதம். வங்கியில் இருக்கும் மூலதனத்திலிருந்து எடுத்துக் கொடுக்கலாமா? கூடாது. உயிலின் அறிவுறுத்தலை மாற்ற வேண்டுமானால் பயனாளிகள் அனைவரும் சம்மதிக்க வேண்டும். அவர்கள் ஒப்பந்தம் செய்யத் தகுதி உள்ளவர்களாகவும் இருக்க வேண்டும். 15 வயதுப் பையனின் தலையாட்டலைச் சட்டம் சம்மதமாக எண்ணாது. அவனுக்காக அம்மாவும் சம்மதிக்க முடியாது. அவன் இடத்தில் சம்மதம் தரும் அதிகாரம் முதன்மை உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான், பெரும்பாலான ஊர்களில் மாவட்ட நீதிமன்றத்துக்கு. பாசத்தில் நீங்கள் கொடுத்துவிட்டால், இளையவன் மேஜரான பிறகு தன் பங்கு எங்கே என்று உங்களைத்தான் கேட்பான். அண்ணனின் தொழில் நொடித்திருந்தால் உங்கள் கைப்பணத்திலிருந்து அதை நிரப்ப வேண்டியிருக்கும். எல்லோரும் சேர்ந்துதானே முடிவெடுத்தோம் என்ற பதில் அங்கே எடுபடாது.

அடுத்தது 12ஆம் பிரிவு. டிரஸ்ட் சொத்து என்னென்ன, எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்பதை நீங்களே நேரில் தெரிந்துகொள்ள வேண்டும். நண்பர் சொன்னார் என்பது போதாது. மூலப் பத்திரங்களைப் பாருங்கள், வில்லங்கச் சான்று எடுங்கள், வாடகை ஒப்பந்தத்தையும் அட்வான்ஸ் தொகையையும் குறித்துக்கொள்ளுங்கள். தேவையான இடத்தில் சொத்தை உங்கள் இருவர் பெயருக்கும் மாற்றுங்கள்.

இந்தப் பிரிவில் உங்களுக்கு மிக அவசரமான விஷயம் அந்தப் புரோ நோட்டு. பாதுகாப்பில்லாத, ஆபத்தான ஈட்டின் மேல் நிற்கும் பணத்தைத் திரும்ப வசூலிப்பது டிரஸ்டியின் கடமை. சட்டத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது: ஆள் ஜாமீனில் மட்டும் நிற்கும் ஒரு கடன் டிரஸ்ட் சொத்தாக வந்தால், அதை அப்படியே விட்டுவைக்க ஆவணம் அதிகாரம் தராதபட்சத்தில் தேவையற்ற தாமதமின்றி வசூலிக்க வேண்டும். கேட்டவுடன் தர வேண்டிய புரோ நோட்டுக்கு அது எழுதப்பட்ட தேதியிலிருந்து 3 ஆண்டுதான் காலவரையறை. இடையில் கடன்காரர் ஒரு பகுதியைக் கொடுத்து அதைத் தன் கையெழுத்தில் குறித்திருந்தாலோ, கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டிருந்தாலோ அந்த நாளிலிருந்து 3 ஆண்டு மறுபடி ஓடும். மாமாவின் பழைய சிநேகிதர், எப்படிக் கேட்பது என்று நீங்கள் கூச்சப்பட்டுக் காலம் கடந்துவிட்டால் கடன் போயிற்று. அந்த நஷ்டம் அத்தைக்கோ பிள்ளைகளுக்கோ அல்ல, உங்களுக்கு. இதைப் படித்து முடித்ததும் அந்த நோட்டின் தேதியைப் பாருங்கள்.

13ஆம் பிரிவு இதன் தொடர்ச்சி. சொத்தின் உரிமையைக் காப்பாற்ற வழக்குப் போடுவது, போட்ட வழக்கை எதிர்கொள்வது, பதிவாகாத பத்திரத்தைப் பதிவு செய்ய வைப்பது எல்லாம் உங்கள் வேலை. பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்டை அரை அடி தள்ளிக் கட்டினால் "நம் வீடா என்ன" என்று விட முடியாது. 14ஆம் பிரிவு சின்னதுதான். இந்தச் சொத்து பயனாளியுடையதல்ல என்ற நிலைப்பாட்டைத் தனக்காகவோ வேறு யாருக்காகவோ டிரஸ்டி எடுக்கக் கூடாது.

அப்புறம் 15ஆம் பிரிவு, டிரஸ்டியின் கவனத்துக்கு அளவுகோல். சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தச் சொத்தை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வாரோ அவ்வளவு கவனம் வேண்டும். அந்தக் கவனத்தோடு நடந்திருந்தால், பிறகு வரும் நஷ்டத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை. சட்டம் உங்களை ஜோசியராக இருக்கச் சொல்லவில்லை. 1882இல் எழுதிய உதாரணங்கள் இன்றும் தெளிவாக இருக்கின்றன. வாடகையை அப்போது நல்ல நிலையில் இருந்த ஒரு வங்கியாளரிடம் கட்டச் செய்து, தேவைப்படும்வரை மட்டும் அங்கே வைத்திருந்தார் ஒரு டிரஸ்டி. அவர் நொடித்துப்போவார் என்று சந்தேகிக்கக் காரணம் எதுவும் இல்லை. அதன் பிறகு வங்கியாளர் திவாலானால் டிரஸ்டி பொறுப்பல்ல. ஆனால் கையில் பணம் இருந்தும் காப்பீட்டு பிரீமியத்தைக் கட்டாமல் பாலிசி போய்விட்டால் டிரஸ்டி நஷ்டத்தைக் கொடுக்க வேண்டும். ஏலத்தில் விற்கச் சொல்லியிருக்க, விளம்பரம் செய்யாமல் நாலு பேருக்கு மட்டும் சொல்லி விற்றாலும் அப்படியே.

இங்கே ஒரு தவறான புரிதலைச் சரிசெய்ய வேண்டும். "என் சொந்தப் பணத்தையே நான் அங்கேதான் போட்டிருக்கிறேன், டிரஸ்ட் பணத்தையும் அங்கே போட்டால் என்ன?" என்று பலர் கேட்பார்கள். சொந்தப் பணத்தில் துணிந்து இறங்க உங்களுக்கு உரிமை உண்டு. அடுத்தவர் பணத்தில் இல்லை. இங்கிலாந்தில் பிரபுக்கள் சபை 1887இல் முடித்த ஒரு வழக்கில், டிரஸ்டிகள் ஒரு செங்கல் சூளை நிலத்தின் மேல் அடமானக் கடன் கொடுத்திருந்தார்கள். மதிப்பீட்டாளரின் அறிக்கையையும் வாங்கித்தான் கொடுத்தார்கள். தொழில் ஓடும்வரை நிலத்துக்கு மதிப்பு, நின்றால் இல்லை என்பதை அந்த அறிக்கை பிரித்துக் காட்டவில்லை, அவர்களும் கேட்கவில்லை. தொழில் நின்றது, பணம் போனது, டிரஸ்டிகள் கொடுக்க நேர்ந்தது. அவர்களுடைய நேர்மையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அந்த வழக்கிலிருந்து வந்த கருத்தை இன்றும் நீதிமன்றங்கள் நினைவுகூர்கின்றன: தான் ஆதரிக்க வேண்டிய தார்மீகப் பொறுப்பு உள்ளவர்களுக்காக ஒரு விவேகி எப்படி முதலீடு செய்வாரோ அப்படிச் செய்ய வேண்டும்.

நம் சட்டத்தில் முதலீட்டுக்கு 20ஆம் பிரிவு இருக்கிறது. உடனடியாகச் செலவுக்குத் தேவைப்படாத டிரஸ்ட் பணத்தை அனுமதிக்கப்பட்ட கடன் பத்திரங்கள் முதலான முதலீடுகளில்தான் போட வேண்டும், வேறு எதிலும் கூடாது. பழைய சட்டத்தில் நீளமான ஒரு பட்டியல் இருந்தது. 2016ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு, மத்திய அரசு அறிவிக்கையில் சொல்பவையும், டிரஸ்ட் ஆவணமே வெளிப்படையாக அனுமதித்தவையும்தான் வழி. ஆகவே உயிலில் முதலீடு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். எதுவும் எழுதவில்லை என்றால் நடப்பிலுள்ள அறிவிக்கையை ஒரு கணக்காயரிடம் காட்டிக் கேளுங்கள். சீட்டு, தெரிந்தவருக்கு வட்டிக்கு விடுவது, யாரோ சொன்ன பங்கு எதையும் தொடாதீர்கள். எதிலும் போடாமல் சும்மா வைத்திருப்பதும் பிழைதான். வந்திருக்க வேண்டிய வட்டி வரவில்லை என்றால் அதற்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.

17ஆம் பிரிவு பாரபட்சமின்மை. கேட்க எளிது, நடைமுறையில் இதுதான் மனதுக்குக் கஷ்டம். உங்கள் பயனாளிகள் மூவரின் நலனும் ஒன்றல்ல. இன்றைய வாடகை அத்தைக்கு முழுசாக வேண்டும். பிள்ளைகளுக்கு வீடு பழுதில்லாமல் நாளைக்குக் கிடைக்க வேண்டும். மொட்டை மாடி ஒழுகுகிறது, பழுது பார்த்தால் இந்த ஆண்டு வாடகையில் பாதி போய்விடும் என்றால் அத்தை "அப்புறம் பார்க்கலாம்" என்பார். அவர் உங்கள் கண்முன்னே இருப்பவர், பேசக்கூடியவர், நீங்கள் மதிப்பவர். இளையவன் பேச மாட்டான். பேசாதவனின் நலனையும் அதே அளவு எடைபோடுவதுதான் பாரபட்சமின்மை. அப்படி எடைபோட்டு நல்லெண்ணத்தோடும் நியாயமாகவும் நீங்கள் எடுக்கும் முடிவில் நீதிமன்றம் தலையிடாது என்றும் அதே பிரிவு உறுதி சொல்கிறது. முடிவெடுத்த அன்றே அதன் காரணத்தை நாலு வரியில் எழுதி வைத்துவிடுங்கள். பத்து வருடம் கழித்து உங்களைக் காப்பாற்றப்போவது அந்த நாலு வரிதான்.

வாடகை என்றதும் இன்னொன்று. கிடைக்கக்கூடிய நல்ல வாடகைக்குத்தான் விட வேண்டும் என்பதும், நீதிமன்ற அனுமதியின்றி 21 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை கூடாது என்பதும் 36ஆம் பிரிவு. சொந்தக்காரர் என்று பாதி வாடகைக்கு விடுவது தயவு போலத் தெரியும். ஆனால் அது உங்கள் பணத்தில் காட்டும் தயவு அல்ல.

கணக்கு. 19ஆம் பிரிவு இரண்டு கேட்கிறது: தெளிவான, சரியான கணக்கு, பயனாளி நியாயமான நேரத்தில் கேட்டால் சொத்தின் அளவு, நிலை பற்றி முழுத் தகவல். 57ஆம் பிரிவின்படி பயனாளி டிரஸ்ட் ஆவணத்தையும் கணக்கையும் வவுச்சர்களையும் பார்த்து நகல் எடுக்கலாம். "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று டிரஸ்டி கோபப்படுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். கணக்குக் கேட்பது அவநம்பிக்கை அல்ல, அது பயனாளியின் உரிமை. டிரஸ்டுக்குத் தனி பான் எண், இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடிகிற தனி வங்கிக் கணக்கு, ஒவ்வொரு செலவுக்கும் ரசீது. இவ்வளவு இருந்தால் பாதிச் சண்டை பிறக்காது.

தனிக் கணக்கு என்பதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் 66ஆம் பிரிவு. டிரஸ்ட் பணத்தை உங்கள் பணத்தோடு தவறாகக் கலந்துவிட்டால், தனக்கு வர வேண்டிய தொகைக்காகக் கலந்த தொகை முழுவதின் மேலும் பயனாளிக்கு உரிமை (சட்டத்தில் இதற்குப் பெயர் பற்று) உண்டாகும். உங்கள் சேமிப்புக் கணக்கில் இரண்டு மாத வாடகையைத் தற்காலிகமாகப் போட்டு வைத்தாலே கலப்பு தொடங்கிவிடுகிறது.

இப்போது நண்பர் விஷயம். 48ஆம் பிரிவின்படி, உயில் வேறு மாதிரி சொல்லாதவரை டிரஸ்டிகள் அனைவரும் சேர்ந்துதான் செயல்பட வேண்டும். 47ஆம் பிரிவின்படி டிரஸ்டி தன் பொறுப்பைச் சக டிரஸ்டியிடமோ வெளியாளிடமோ ஒப்படைக்கக் கூடாது. உயில் அனுமதித்தால், வழக்கமான தொழில் முறையில் நடந்தால், தவிர்க்க முடியாத தேவை இருந்தால், அல்லது மேஜரான பயனாளி சம்மதித்தால் மட்டும் விலக்கு. வாடகை வசூலிக்க ஆள் வைக்கலாம், பத்திரத்தைப் பதிவு செய்ய முகவரை அனுப்பலாம். தன் அறிவைக் கொண்டு முடிவெடுக்கத் தேவையில்லாத வேலைகள் அவை. முடிவெடுக்கும் பொறுப்பைத்தான் கைமாற்ற முடியாது. உச்ச நீதிமன்றம் ஷேக் அப்துல் கயூம் எதிர் முல்லா அலிபாய் வழக்கில், பொறுப்பை ஏற்ற டிரஸ்டிகள் அதை வேறு ஆட்களிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு விலக முடியாது என்ற இந்தக் கொள்கையைப் பொது அறக்கட்டளைக்கும் பொருத்திச் சொன்னது.

15ஆம் பிரிவின் கடைசி உதாரணம் உங்களுக்கென்றே எழுதியது போல இருக்கும். ஒரு டிரஸ்டி, டிரஸ்டை முழுக்கச் சக டிரஸ்டியே நடத்தட்டும் என்று விட்டுவிடுகிறார். சக டிரஸ்டி பணத்தைக் கையாடிவிடுகிறார். விட்டுவிட்டவர் நஷ்டத்துக்குத் தாமே பொறுப்பு. பொதுவாகச் சக டிரஸ்டி செய்யும் தவறுக்கு நீங்கள் பொறுப்பல்ல என்றுதான் 26ஆம் பிரிவு தொடங்குகிறது. ஆனால் பணத்தை அவரிடம் கொடுத்துவிட்டு அது எங்கே போனது என்று பார்க்காமல் இருந்தால் பொறுப்பு வரும். அவர் வாங்கிய பணத்தைப் பற்றி விசாரிக்காமல் விட்டாலோ, தேவைக்கு மேல் அவர் கையிலேயே இருக்க விட்டாலோ பொறுப்பு வரும். தவறு நடக்கிறது, அல்லது நடக்கப்போகிறது என்று தெரிந்தும் மறைத்தாலோ, உரிய நேரத்தில் நடவடிக்கை எடுக்காமல் இருந்தாலோ வரும். அப்படி வரும்போது பாதி அல்ல: உங்கள் கவனக்குறைவு அவருடைய தவறுக்கு வழிவிட்டிருந்தால், முழு நஷ்டத்தையும் உங்கள் ஒருவரிடமிருந்தே பயனாளி வசூலிக்கலாம் என்கிறது 27ஆம் பிரிவு. பிறகு அதை நண்பரிடமிருந்து வாங்குவது உங்கள் பாடு. நண்பர் நல்லவராக இருக்கலாம், பெரும்பாலும் நல்லவராகத்தான் இருப்பார். அவரிடம் இதையே சொல்லுங்கள்: "சட்டப்படி நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்ய வேண்டும், மாதம் ஒருமுறை உட்கார்ந்து கணக்குப் பார்க்கலாம்." நல்லவர் இதில் வருத்தப்பட மாட்டார்.

வீட்டை நீங்கள் வாங்குவது பற்றி. முதலில், விற்கும் அதிகாரமே உயிலில் இருக்கிறதா என்று பாருங்கள், அது தானாக வருவதல்ல. இருந்தால், விற்கும் கடமையுள்ள டிரஸ்டி அந்தச் சொத்தை நேரடியாகவோ மறைமுகமாகவோ வாங்கக் கூடாது என்கிறது 52ஆம் பிரிவு. மனைவி பெயரிலோ மைத்துனர் பெயரிலோ வாங்கினாலும் அது மறைமுகம்தான். 53ஆம் பிரிவின்படி, டிரஸ்டியும் சமீபத்தில் விலகிய டிரஸ்டியும் நீதிமன்ற அனுமதியின்றி டிரஸ்ட் சொத்தை வாங்கவோ அடமானம் பிடிக்கவோ குத்தகைக்கு எடுக்கவோ கூடாது. பயனாளிக்கு வெளிப்படையாக லாபம் என்றால்தான் நீதிமன்றமும் அனுமதிக்கும். சந்தை விலைக்கு மேலே கொடுத்தாலுமா என்று கேட்பீர்கள். ஆமாம். விற்பவர் அதிக விலைக்கு முயல வேண்டும், வாங்குபவர் குறைந்த விலைக்கு முயல்வார். இரண்டு வேலையையும் ஒரே மனசு செய்ய முடியாது. தடையை மீறி வாங்கினால், கட்டிய விலையையும் வட்டியையும் திருப்பித் தந்துவிட்டு வீட்டை மீட்க 62ஆம் பிரிவு பயனாளிக்கு உரிமை தருகிறது. இடையில் வந்த லாபத்துக்கும் நீங்கள் கணக்குக் காட்ட வேண்டும்.

இந்தக் கண்டிப்பின் வேர் லண்டனுக்கு அருகே ரோம்ஃபர்ட் என்ற ஊரின் சந்தைக் குத்தகையில் இருக்கிறது. 1726ஆம் ஆண்டு வழக்கு அது. சந்தை வருமானத்தின் குத்தகையை ஒருவர் ஒரு குழந்தைக்காக டிரஸ்டியாக வைத்திருந்தார். குத்தகை முடிவதற்கு முன்பே குழந்தைக்காகப் புதுப்பிக்கக் கேட்டார். குழந்தையோடு ஒப்பந்தம் செய்து என்ன பயன் என்று உரிமையாளர் மறுத்துவிட்டார். சரி, குழந்தைக்குத்தான் கிடைக்காதே என்று டிரஸ்டி தன் பெயரிலேயே குத்தகையை எடுத்துக்கொண்டார். அவர் ஏமாற்றவில்லை, குழந்தைக்காக முயன்றும் பார்த்தார். ஆனாலும் பிரபு கிங் என்ற நீதிபதி அந்தக் குத்தகையையும் அதன் லாபத்தையும் குழந்தைக்கே கொடுக்கச் சொன்னார். உலகத்தில் வேறு யாரும் அதை எடுத்திருக்கலாம், டிரஸ்டி மட்டும் எடுக்கக் கூடாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். மறுத்துவிட்டார்கள் என்ற சாக்கில் டிரஸ்டி தானே எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தால், குழந்தைக்காக மனசார முயலும் டிரஸ்டி எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்ற கவலை அந்த நீதிபதிக்கு இருந்தது. எனக்கு இந்தத் தீர்ப்பு கொடுமையாகத் தோன்றுவதில்லை. பேச முடியாத ஒரு குழந்தைக்காகச் சட்டம் ஒரு சுவர் எழுப்பியது, அவ்வளவுதான்.

டிரஸ்ட் சொத்தைச் சொந்த லாபத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிற 51ஆம் பிரிவும், சக டிரஸ்டிகள் தங்களில் ஒருவருக்கே டிரஸ்ட் பணத்தைக் கடன் கொடுக்கக் கூடாது என்கிற 54ஆம் பிரிவும் அதே சுவரின் கற்கள். நண்பர் "மூன்று மாதத்துக்குக் கைமாற்றாக" என்று கேட்டாலும் முடியாது. உங்கள் உழைப்புக்குச் சம்பளமும் கிடையாது, உயிலோ ஒப்பந்தமோ நீதிமன்றமோ அனுமதித்தால் ஒழிய. ஆனால் டிரஸ்டுக்காகக் கையிலிருந்து முறையாகச் செலவழித்ததை டிரஸ்ட் சொத்திலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ள 32ஆம் பிரிவு உரிமை தருகிறது. அதற்கும் ரசீது வைத்திருங்கள்.

தவறினால் என்ன ஆகும்? டிரஸ்ட் சொத்துக்கோ பயனாளிக்கோ ஏற்பட்ட நஷ்டத்தைச் சொந்தப் பணத்தில் ஈடுகட்ட வேண்டும், 23ஆம் பிரிவு. டிரஸ்ட் பணத்தைத் தொழிலில் போட்டிருந்தால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை முதலோடு சேரும் கூட்டு வட்டியா, அந்தத் தொழிலில் வந்த நிகர லாபமா, எது வேண்டும் என்று பயனாளியே தேர்ந்தெடுக்கலாம். ஒரு தவறில் 2 லட்சம் லாபமும் தனியான இன்னொரு தவறில் 3 லட்சம் நஷ்டமும் வந்தால், கழித்து 1 லட்சம்தான் என்று சொல்ல முடியாது. 3 லட்சத்தையும் கட்ட வேண்டும், 2 லட்சமும் டிரஸ்டுக்கே. காலம் கடந்துவிட்டது என்ற வாதமும் பெரும்பாலும் எடுபடாது. குறிப்பிட்ட நோக்கத்துக்காக டிரஸ்டியிடம் வந்த சொத்தை மீட்கவும் அதற்குக் கணக்குக் கேட்கவும் தொடரும் வழக்குக்கு எவ்வளவு காலம் ஆனாலும் தடையில்லை என்று 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு சொல்கிறது.

நேர்மையில்லாமல் எடுத்தால் அது குற்றமும் ஆகும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவில் நம்பிக்கை மோசடிக்கு 5 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. வெறும் கவனக்குறைவு குற்றமாகாது. அதற்கு உரிமையியல் பொறுப்பு மட்டும்தான்.

இவ்வளவும் படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம். குழப்பம் வந்தால் கேட்க ஓர் இடத்தைச் சட்டமே வைத்திருக்கிறது. 34ஆம் பிரிவின் கீழ், வழக்குப் போடாமலேயே ஒரு மனு மூலம் டிரஸ்ட் நிர்வாகம் பற்றி முதன்மை உரிமையியல் நீதிமன்றத்திடம் கருத்தோ அறிவுரையோ கேட்கலாம். சிக்கலான, பெரிய தகராறுகளுக்கு இது பொருந்தாது. நிர்வாகத்தில் வரும் நடைமுறைக் கேள்விகளுக்குப் பொருந்தும். உண்மைகளை நல்லெண்ணத்தோடு சொல்லி, கிடைத்த அறிவுரைப்படி நடந்தால், அந்த விஷயத்தில் நீங்கள் கடமையை நிறைவேற்றியவராகவே கருதப்படுவீர்கள். இந்த வழியைப் பயன்படுத்துபவர்கள் ரொம்பக் குறைவு என்பது எனக்கு எப்போதும் வருத்தம். உதாரணமாக, இளையவனின் படிப்புக்கு மூலதனத்திலிருந்து எடுக்கலாமா என்று நீங்கள் திணறினால், உறவினர்களிடம் கருத்துக் கேட்டு அலைவதைவிட ஒரு வழக்கறிஞர் மூலம் மனு போடுவது பாதுகாப்பு.

ஒருநாள் இந்த வேலை முடியும். உயில் சொன்னபடி சொத்து இரண்டு பிள்ளைகளிடமும் போய்ச் சேரும் நாளில், உங்கள் நிர்வாகக் கணக்கைச் சரிபார்த்து முடிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை 35ஆம் பிரிவில் உங்களுக்கு இருக்கிறது. பாக்கி எதுவும் இல்லை என்றால் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளும் உரிமையும் உண்டு. பத்திரங்களையும் சாவியையும் கொடுக்கும் அன்றே, இருவரிடமும் கையெழுத்தோடு அந்த ஒப்புதலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.